பதினாறடிப் படகு முப்பதடிப் படகை முந்துமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஜெனீவா ஏரியில் எங்கள் சங்கம் நடத்தும் புதன்கிழமை மாலைப் பந்தயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் என்னுடைய ஹோபி 16 கேட்டமரனும் (பக்கம் பக்கமாக இரண்டு உடல் கொண்ட பாய்மரப் படகு), அதைவிட நீளமும் கனமும் கூடிய மோனோஹல் படகுகளும் (ஒரே உடல், அடியில் ஈயமோ இரும்போ வைத்த கீல்) ஒரே கோட்டிலிருந்து கிளம்பும். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சில இங்கே.

கே: அக்கா, எங்கள் ஊரில் நீளமான வள்ளம்தான் வேகமாகப் போகும். உங்கள் பதினாறடிப் படகு முப்பதடிப் படகை முந்தியது என்கிறீர்களே, அது எப்படி? – ஒரு வாசகர், தூத்துக்குடி

ப: நீங்கள் கண்ணால் பார்த்தது சரிதான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகு, மூக்கில் ஓர் அலையையும் பின்பக்கம் ஓர் அலையையும் எழுப்பும். வேகம் கூடக்கூட இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் நீளும். அந்தத் தூரம் படகின் நீளத்தை எட்டியதும், தான் உண்டாக்கிய பள்ளத்திலேயே படகு உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தன் மூக்கலையின் மேலேயே ஏற வேண்டும். கனமான படகால் அது முடியாது. எவ்வளவு காற்று அடித்தாலும் அங்கேயே நிற்கும்.

இதற்குப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு சுலபமானது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். நீர்மட்டத்தில் 25 அடி இருந்தால் 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். நீளம் கூடினால் வேகமும் கூடும். உங்கள் வள்ளத்தின் கதை இதுதான்.

இந்தக் கணக்குப்படி ஹோபி 16 ஐந்தரை நாட்டைக்கூடத் தாண்டக்கூடாது. ஆனால் நல்ல காற்றில் பதினைந்து நாட் வரை போகும். அதன் இரண்டு உடல்களும் அவ்வளவு ஒல்லி. கத்தி போல வெட்டிக்கொண்டு போவதால் பெரிய அலையே எழுவதில்லை, சிக்கிக்கொள்ளப் பள்ளமும் இல்லை. எடையையும் பாருங்கள். படகு 145 கிலோ, நாங்கள் இரண்டு பேர். எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டாது. இந்த ஏரியில் அதிகம் பார்க்கக்கூடிய 'சர்ப்ரைஸ்' வகை மோனோஹல் 7.65 மீட்டர் நீளம். ஆள் ஏறாமலே ஒரு டன்னுக்கு மேல். காற்று சாய்க்கும்போது நிமிர்ந்து நிற்க அதற்குக் கீலில் எடை தேவை. எங்களுக்கு அந்த வேலையைப் படகின் அகலம் செய்கிறது. இரண்டு உடல்களின் வெளிவிளிம்புக்கு இடையே 2.41 மீட்டர். அதற்கும் வெளியே, பாய்மரத்திலிருந்து வரும் ட்ரப்பீஸ் கம்பியில் இடுப்புக் கொக்கியை மாட்டி, உடலின் ஓரத்தில் காலை ஊன்றித் தண்ணீருக்கு மேல் படுத்தபடி தொங்குவோம்.

கே: அப்படியென்றால் கேட்டமரன்தான் எப்போதும் ஜெயிக்கும், பந்தயம் எதற்கு? – கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ப: எப்போதும் இல்லை, தம்பி. ஜூலை மாதத்தில் இங்கே வந்து பார்த்தால் தெரியும். பகலில் வெயில் சூட்டில் எழுந்த காற்று மாலை ஏழு மணிக்கெல்லாம் விழத் தொடங்கும். ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகிவிடும். அப்போது அலைத்தடை என்ற பேச்சே இல்லை. தண்ணீர் படகின் தோலில் உரசும் தடைதான் மிச்சம். எங்களுக்கு இரண்டு உடல், அதனால் எடைக்கு ஏற்ற அளவைவிட நனையும் பரப்பு அதிகம். மோனோஹல்லின் பாய்மரமோ உயரம். தண்ணீர்மட்டத்தில் ஒன்றுமில்லாதபோதும் பத்து மீட்டர் மேலே மெல்லிய காற்று இருக்கும். அது எங்கள் தலைக்கு மேலே போய்விடும், அவர்கள் பாயில் விழும்.

அந்த நேரத்தில் ஹோபியில் என்ன செய்வோம் தெரியுமா? என்னோடு வரும் தோழி முன் குறுக்குக்குழாய்க்கும் முன்னால், காற்று போகிற பக்கத்து உடலின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வாள். நான் அவள் பாதத்துக்குப் பக்கத்தில் உட்காருவேன். எடை முன்னால் போனால் பின்பக்கம் தண்ணீரை விட்டு எழும், உரசல் குறையும். காற்றோட்டத்தைக் காட்டப் பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல் படபடக்காமல் பின்னோக்கிப் படுத்திருக்க வேண்டும். அதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். யாராவது சடாரென்று எழுந்து உட்கார்ந்தால் போச்சு. பாய் குலுங்கும், சேர்த்து வைத்த கொஞ்ச வேகமும் போய்விடும். இவ்வளவு செய்தும் பின்னால் கிளம்பிய சர்ப்ரைஸ் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து கடந்து போகும்.

இரண்டாவது, காற்றுக்கு எதிராகப் போவது. எந்தப் பாய்மரப் படகும் காற்றின் முகத்துக்கு நேராகப் போக முடியாது. குறுக்கே சாய்ந்து, திரும்பி, மறுபக்கம் சாய்ந்துதான் ஏற வேண்டும். நல்ல மோனோஹல் காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை நெருங்கிப் போகும். ஹோபி 16-க்குப் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பலகை உடலுக்கு அடியில் கிடையாது. அது 50 பாகை, அலை இருந்தால் இன்னும் விலகித்தான் போகும். காற்றுத்திசையில் ஒரு கிலோமீட்டர் ஏற, 45 பாகையில் 1.41 கிலோமீட்டர் ஓட வேண்டும். 55 பாகையில் 1.74. அந்த உபரித் தூரத்தை வேகத்தால் ஈடுகட்ட வேண்டும்.

அப்புறம் அந்தத் திரும்பல், டேக். கீல் உள்ள படகு அதன்மேல் சுழன்று திரும்பிவிடும். அதற்குக் கனம் உண்டு, திரும்பும்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். கேட்டமரன் இலேசு, நீளமான இரண்டு உடல்களையும் வளைத்துத் திருப்ப வேண்டும். சுக்கானை வெடுக்கென்று தள்ளினால் காற்றின் முகத்தில் போய் நின்றுவிடும். மெதுவாகத் தள்ளி, முன்பாயை உடனே விடாமல் எதிர்க்காற்றில் பிடித்து வைத்து, அது மூக்கை மறுபக்கம் தள்ளியதும் பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்தி, பிறகுதான் முன்பாயை மாற்ற வேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் சில படகு நீளம் போய்விடும். அதனால் இடுக்கான விரிகுடாவில், பத்துப் பதினைந்து டேக் போட வேண்டிய பாதையில், பெரிய படகுதான் ராஜா. திறந்த ஏரியில் 'பீஸ்' என்ற வடகிழக்குக் காற்று நின்று அடிக்கும் நாளில், குறுக்குக் காற்றில் ஓடும் நீண்ட பாதை என்றால் எங்களைப் பிடிக்க முடியாது.

கே: முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை, மூன்றாவதாக வந்தவருக்குப் பரிசு என்று எழுதியிருந்தீர்கள். இது என்ன நியாயம்? – ஒரு வாசகி, மதுரை

ப: வெவ்வேறு படகுகள் ஓடும்போது நேரத்தைத் திருத்தித்தான் முடிவு சொல்வார்கள். பிரிட்டனில் பிறந்த போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் முறையைச் சொன்னால் எளிதில் புரியும். ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண்; வேகமான படகுக்குச் சின்ன எண். ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம். விளக்கத்துக்காக மோனோஹல்லுக்கு 1000, கேட்டமரனுக்கு 800 என்று வைத்துக்கொள்வோம். மிதமான காற்றில் மோனோஹல் 60 நிமிடத்திலும் கேட்டமரன் 50 நிமிடத்திலும் வருகின்றன. கேட்டமரனின் திருத்திய நேரம் 62.5. பத்து நிமிடம் முன்னால் வந்தும் தோல்வி.

இதுவரை நியாயம்தான். எனக்கு மனத்தாங்கல் வேறு இடத்தில். அதே படகுகள் பலத்த காற்றில் 50 நிமிடத்திலும் 35 நிமிடத்திலும் வந்தால் கேட்டமரன் 43.75, பெரிய வெற்றி. காற்று விழுந்த நாளில் 100-ம் 95-ம் என்றால் கேட்டமரன் 118.75, கடைசி இடம்கூடக் கிடைக்கலாம். மூன்று நாளும் ஓட்டியவர்கள் அதே திறமையோடுதான் ஓட்டினார்கள். ஒரே மாதிரியான இரண்டு மோனோஹல்களுக்கு இடையே உள்ள வேக விகிதம் காற்றைப் பொறுத்து அதிகம் மாறாது, அங்கே ஒற்றை எண் வேலை செய்யும். கேட்டமரனுக்கும் மோனோஹல்லுக்கும் இடையே விகிதமே காற்றோடு மாறுகிறது. அங்கே ஒற்றை எண் என்ன சொன்னாலும், அன்றைக்கு அடித்த காற்றைத்தான் சொல்கிறது.

அதனால் சேர்ந்து ஓடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து ஓடத்தான் வேண்டும், பரிசைப் பிரியுங்கள். இந்த ஏரியிலேயே வழி இருக்கிறது. 1939-இல் தொடங்கிய போல் தோர் பந்தயத்தில், ஜெனீவாவிலிருந்து ஏரியின் மறுகோடியில் இருக்கும் லெ பூவெரே வரை போய்த் திரும்ப வேண்டும், 123 கிலோமீட்டர். ஜூன் மாதத்தில் நூற்றுக்கணக்கான படகுகள், ஒற்றை உடலும் இரட்டை உடலும், ஒரே நாளில் ஒரே பாதையில் ஓடுகின்றன. பல ஆண்டுகளாக முதலில் வருவது பல உடல் படகுதான். ஆனால் மோனோஹல்களில் முதலில் வருகிறவருக்கு 'போல் த வெர்மெய்' என்று தனிக் கிண்ணம் உண்டு. அதை வாங்கியவரை யாரும் இரண்டாம்தரமாகப் பார்ப்பதில்லை. எங்கள் சங்கக் கூட்டத்திலும் இதைத்தான் ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வருகிறேன்.

கே: கேட்டமரன்களைப் பந்தயத்திலிருந்தே தடை செய்தார்களாமே? – ஒரு வாசகர், டொரான்டோ

ப: ஆமாம், அது பழைய காயம். 1876 ஜூன் மாதம் நியூயார்க்கில், அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டையொட்டி ஒரு படகுப் பந்தயம் நடந்தது. ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த நத்தானியல் ஹெரஷாஃப், அப்போது வயது 28, தானே வடிவமைத்த 'அமரிலிஸ்' என்ற சுமார் 25 அடி கேட்டமரனைக் கொண்டுவந்தார். எதிரே வந்த மோனோஹல்களையெல்லாம் தாண்டிப் போனார். தோற்றவர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள், பரிசு மறுக்கப்பட்டது. அதன் பிறகு அவருடைய இரட்டை உடல் படகுகளுக்கு வழக்கமான பந்தயங்களில் இடம் கிடைக்கவில்லை. அவர் மோனோஹல் பக்கம் போனார். 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பையை (பாய்மரப் படகுப் பந்தயத்தின் புகழ்பெற்ற கோப்பை) தக்கவைத்த படகுகள் அவர் கையில் பிறந்தவை. அந்த மூளை அத்தனை ஆண்டும் கேட்டமரனிலேயே உழைத்திருந்தால் இன்று நாம் எங்கே இருந்திருப்போம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நூறாண்டுக்குப் பிறகு அதே சண்டை நீதிமன்றம் ஏறியது. அமெரிக்கக் கோப்பைக்காக நியூசிலாந்தின் மைக்கேல் ஃபே, நீர்மட்டத்தில் 90 அடி நீளமுள்ள ராட்சத மோனோஹல்லோடு சவால் விட்டார். கோப்பையை வைத்திருந்த சான் டியேகோ தரப்பு 60 அடி கேட்டமரனை இறக்கியது, டெனிஸ் கானர் ஓட்டினார். 1988 செப்டம்பரில் இரண்டு ஓட்டம். இரண்டிலும் கேட்டமரன்தான் ஜெயித்தது; முதலாவதில் 18 நிமிட வித்தியாசம், இரண்டாவதில் 21. நியூயார்க் நீதிமன்றம் முதலில் கோப்பையை நியூசிலாந்துக்குக் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது மாறி, 1990-இல் சான் டியேகோவுக்கே உறுதியானது. சட்டம் எப்படியோ, அந்த இரண்டு ஓட்டங்களைப் பந்தயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவரையொருவர் அளந்து பார்க்க வழியே இல்லாத இரண்டு படகுகளை ஒரே கோப்பைக்கு ஓடவிட்டார்கள்.

கே: இது நம் கட்டுமரம்தானே? – ஒரு வாசகர், நாகப்பட்டினம்

ப: பெயர் அங்கிருந்து போனது. படகு வேறு. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, அலை மேலே ஏறி இறங்கிப் போகும். இது நடுவே இடைவெளி விட்ட இரட்டை உடல். அந்த அமைப்பின் மூதாதைகள் பசிபிக் தீவுகளின் இரட்டை ஓடங்கள்.

கே: சின்னப் படகும் பெரிய படகும் நேருக்கு நேர் வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? பயமாக இருக்காதா? – ஒரு வாசகி, சிங்கப்பூர்

ப: பந்தய விதியில் சிறிது பெரிது என்ற பேதம் கிடையாது. காற்றை வலப்பக்கம் வாங்கி ஓடும் படகுக்கு, இடப்பக்கம் வாங்கி ஓடும் படகு வழிவிட வேண்டும். இரண்டுக்கும் காற்று ஒரே பக்கம் என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்க வேண்டும். பத்து டன் படகானாலும் இதேதான்.

பயம் வேகத்தைத் தவறாகக் கணிப்பதால்தான் வரும். பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றும் இடத்தைச் சொல்கிறேன். மிதவைக்கு நெருக்கமாக இருக்கும் படகின் நீளத்தைப் போல மூன்று மடங்குத் தூரம் 'மண்டலம்'. அதற்குள் நுழையும்போது பக்கத்தில் ஒட்டி வரும் படகுகளில் உள்ளே இருப்பவருக்கு இடம் கொடுக்க வேண்டும். ஒன்பது மீட்டர் படகுக்கு அது 27 மீட்டர். எனக்கு 15 மீட்டர்தான். 12 நாட் வேகத்தில் வந்தால் அந்த 15 மீட்டரை இரண்டரை விநாடியில் கடந்துவிடுவேன். மோனோஹல் சுக்கானில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, "அது இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது" என்று நினைத்து முடிப்பதற்குள் நாங்கள் அவர் பக்கத்தில் இருப்போம். அதனால் மண்டலத்துக்கு நாலைந்து நீளம் முன்பே கத்திச் சொல்லிவிடுவேன். விதி என்னைக் கத்தச் சொல்லவில்லை. எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கே: பதினான்கு வயது மகன் ஹோபி ஓட்ட வேண்டும் என்கிறான். கவிழ்ந்துவிடும் என்று கேள்விப்பட்டேன். அனுப்பலாமா? – ஒரு தாய், லோசான்

ப: அனுப்புங்கள். ஆம், கவிழும். கீல் படகு சாய்ந்தால் எடை அதைத் திரும்ப நிமிர்த்திவிடும். கேட்டமரன் கவிழ்ந்தால் தானாக எழாது. பக்கவாட்டில் கிடக்கும்போதே மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்கினால் எழும். ஆனால் அதற்கு எடை வேண்டும். ஹோபி 16 பந்தய வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு இலேசான பிள்ளைகளை மட்டும் பலத்த காற்றில் அனுப்பாதீர்கள். முதல் பருவத்தில் ஒரு பெரியவர் கூட இருக்கட்டும்.

அவனுக்கு முதலில் கரையோர விளக்கைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். ஆரஞ்சு விளக்கு நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும், எச்சரிக்கை. 90 தடவை என்றால் புயல்காற்று நெருங்குகிறது, உடனே கரை. ஜூரா மலையிலிருந்து இறங்கும் 'ஜோரான்' காற்று வெயில் அடிக்கும்போதே வந்து விழும். பந்தயத்தில் முன்னணியில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். வெட்சூட், மிதவைச் சட்டை இல்லாமல் ஜூன் மாதத்திலும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்த ஏரி மலைநீர்.

கே: எந்தத் திருத்தமும் இல்லாமல், யார் முதலில் வந்தாலும் அவர்தான் என்று ஓடும் பந்தயம் இருக்கிறதா? – ஒரு வாசகர், வான்கூவர்

ப: உங்கள் வாசலிலேயே இருக்கிறது. 'ரேஸ் டு அலாஸ்கா', 2015-இல் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்டிலிருந்து அலாஸ்காவின் கெட்சிகன் வரை 750 மைல். இயந்திரம் கூடாது, வெளியாள் உதவி கூடாது. பாய், துடுப்பு, பெடல் எதுவும் சரி. முதல் பரிசு பத்தாயிரம் டாலர், இரண்டாம் பரிசு சாப்பாட்டு மேசைக் கத்திகள். 2016-இல் எம்32 என்ற 32 அடி கேட்டமரன் நான்கு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. பல உடல் படகுகள்தான் இனி என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2018-இல் 'செயில் லைக் எ கேர்ள்' என்ற பெண்கள் குழு மெல்ஜஸ் 32 மோனோஹல்லில் முதலாவது வந்தது. அந்தப் பந்தயத்தில் மோனோஹல் ஜெயித்தது அதுவே முதல் முறை. காற்று நின்றபோதெல்லாம் அவர்கள் பெடல் மிதித்தார்கள். கோயம்புத்தூர்த் தம்பிக்கு மேலே சொன்ன பதிலோடு இதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கே: என்னிடம் இருப்பது 28 அடி மோனோஹல். எங்கள் சங்கத்திலும் இரண்டு ஹோபிகள் தொல்லை கொடுக்கின்றன. ஜெயிக்க வழி சொல்லுங்கள். – ஒரு வாசகர், பெர்த்

ப: எதிரணிக்கு ஆலோசனை சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான். நேர்க்கோட்டு ஓட்டத்தில் அவர்களைத் துரத்தாதீர்கள், பயனில்லை. கிளம்பும்போதே அவர்களுக்குக் காற்று வரும் பக்கத்தில் இடம் பிடியுங்கள். உங்கள் உயரமான பாயின் நிழல் விழுந்தால் இலேசான படகு சட்டென்று நின்றுவிடும். அவர்கள் தப்பிக்க டேக் போட்டால் நீங்களும் உடனே போட்டு மேலே வந்து நில்லுங்கள். ஒவ்வொரு திரும்பலிலும் அவர்களுக்குத்தான் நஷ்டம். காற்றின் திசை மாறும் நாள்களில் கரையை ஒட்டிச் சின்னச் சின்ன டேக்காக ஏறுங்கள்.

காற்றோடு போகும்போது அவர்கள் நேராக இறங்க மாட்டார்கள், குறுக்கே சாய்ந்து சாய்ந்து இறங்குவார்கள். நீங்கள் ஸ்பின்னக்கரை (காற்றோடு போகும்போது முன்னால் விரிக்கும் பெரிய பாய்) ஏற்றி நேர்வழியில் போங்கள். அவர்கள் தூரத்தில் வேறு திசையில் பறப்பதைப் பார்த்துப் பதறி வழியை மாற்றாதீர்கள். காற்று போகிற பக்கத்துக் கீழ் மிதவைக்கு அவர்கள் குறுக்கே திரும்பி வரும்போது காற்று எந்தப் பக்கம் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். வலப்பக்கக் காற்றில் வந்தால் வழி அவர்களுடையது.

(அடுத்த இதழில்: ட்ரப்பீஸ் கொக்கி, கயிறு, பழைய ஹோபி வாங்கும்போது உடலில் எங்கெங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில்.)